பத்தொன்பது விநாடி

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இமானி டாலிவர் ஒரு கோப்பில் மூன்று வரி எழுதி, ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டுவிட்டு, கடமையைச் செய்த திருப்தியோடு கணினியை மூடினாள். அந்தத் திருப்தி ஞாயிறு மதியம் பன்னிரண்டே முக்கால் வரை நிலைத்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் பெல்ட்டன் நகரத்துப் பைன் தெருவில், அம்மா வீட்டெதிரே, காருக்குள் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். கார்விக் கல்லூரி இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். ஆனால் ஜனவரி பிறந்து மார்ச் முடியும்வரை அதன் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் அவளைப் போல விண்ணப்பக் கோப்பு படிப்பவர்களுக்கு அம்மா, தம்பி, பல்வலி எதுவும் கிடையாது. நாளொன்றுக்கு நாற்பது கோப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பதினேழு வருடம். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம்.

தெருவுக்கு அந்தப் பக்கம் தேவாலயம் விட்டது. தொப்பிகள் படியிறங்கின. அவற்றுள் நாவல்பழ நிறத் தொப்பி அம்மாவுடையது. வெர்னெல் டாலிவர் இரண்டு கையாலும் அலுமினியத் தாள் மூடிய தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு, சாலையோரம் குவிந்து கிடந்த அழுக்குப் பனியைச் சுற்றி, சிக்னல் கம்பத்தடியில் வந்து நின்றார்.

இமானி காருக்குள்ளிருந்தே கையசைக்கப் போனாள். அதற்குள் நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்தது. கம்பத்தில் எண் வந்தது.

பத்தொன்பது.

அம்மா இடது காலை வைத்தார். வலது காலை இழுத்தார். இடது. இழுப்பு. இடது. இழுப்பு.

பதினான்கு. சாலையின் முதல் வண்டித் தடம்கூட முடியவில்லை.

இமானியின் கை அசைக்காமலே அந்தரத்தில் நின்றது. அம்மா எப்போதிலிருந்து இப்படி நடக்கிறார்?

ஒன்பது. இரண்டாம் தடம். பக்கத்தில் நடந்தவர்கள் எல்லாரும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். நான்கு. மூன்று. சாலை நடுவே அந்த நாவல்பழத் தொப்பி மட்டும். பூஜ்யம் வந்தபோது இன்னும் ஒரு முழுத் தடம் பாக்கி இருந்தது.

சிக்னல் மாறியது. ஒரு வண்டி அலறியது. பின்னால் இன்னொன்று. கண்ணாடியை இறக்கி ஒருவன் கத்தினான்: "ஏம்மா, இன்னிக்குள்ள போய்ச் சேந்துருவீங்களா?"

வெர்னெல் திரும்பவில்லை. தட்டை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையை வண்டிகளை நோக்கி உயர்த்தினார். விரித்த உள்ளங்கை. தலை நிமிர்ந்தே இருந்தது.



அந்தக் கையை இமானிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவள் அதைப் படித்திருக்கிறாள்.

'அம்மா வண்டிகளைப் பார்த்துக் கையை உயர்த்துவாள். மன்னிப்புக் கேட்க அல்ல. நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல.'

கோப்பு எண் 4471. ஐந்துக்கு மூன்று.

*

கார்விக்கில் கோப்புகளுக்குப் பெயர் கிடையாது என்பதை இந்தத் தொடரைப் படித்து வருபவர்கள் அறிவார்கள். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்கும் கட்டத்தை எல்லாக் கல்லூரிகளும் மூடின. சேர்க்கை இயக்குநர் கிரஹாம் லேத்ராப் இன்னும் ஒருபடி மேலே போனார். பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை. குழு முடிவெடுக்கும்வரை யார் என்று யாருக்கும் தெரியாது. 'இனி எங்கள் கண்ணுக்குத் தெரிவது திறமை மட்டுமே' என்று பத்திரிகைக்குப் படத்தோடு பேட்டி கொடுத்தார்.

பெயரை மூடலாம். பாய்மரப் படகை எப்படி மூடுவது?

அதே வெள்ளிக்கிழமை இமானி படித்த இன்னொரு கோப்பு, 2206. தாத்தாவின் படகில் மூன்று வாரம் கடலோடிய பையன். காற்று ஓய்ந்த ஒரு பிற்பகலில் பாயைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கக் கற்றுக்கொண்டதாக எழுதியிருந்தான். வாக்கியங்கள் அலை மாதிரி வந்து போயின. அதற்கு அவள் ஐந்து போட்டாள். 'சுயமாகச் சிந்திக்கும் மனம். எந்த அறையிலும் இயல்பாக இருப்பார்' என்று எழுதினாள்.

4471 ஒரு சிக்னலைப் பற்றி எழுதியிருந்தான். ஏழைகள் நடக்கும் சாலையில் கடக்கப் பத்தொன்பது விநாடி. குன்றின் மேல், நாயோடு ஓடுபவர்கள் மட்டும் கடக்கும் அதே அகலச் சாலையில் முப்பத்து நான்கு. நாற்பது முறை அளந்திருந்தான். பட்டியல் போட்டிருந்தான். நகராட்சிக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தான். படிக்கும்போதே இமானிக்குத் தெரிந்துவிட்டது, இவன் நம்ம பிள்ளை. நம்ம தெருவோ, நம்ம தெரு மாதிரி ஒரு தெருவோ.

அங்கேதான் அவள் பேனா கெட்டிப்பட்டது.

நம்ம பிள்ளை என்றால் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சலுகை காட்டினாள் என்று சொல்வார்கள். முதல் வருடம் விடுதியில் அறைத்தோழி ப்ரிஸில்லா, பீட்ஸாவைப் பிய்த்துக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னாளே, "உனக்கென்ன இமானி, உனக்கு அந்தக் கட்டம் இருந்துது" என்று. கறுப்பினம் என்று இமானி குறியிட்ட கட்டம். நான்கு வருடமும் அந்தக் கட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் அவள் நூலகத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடந்தாள். அதனால்தான் தன் சாயல் தெரிகிற கோப்பு வந்தால் மற்றவர்களைவிட அரை மதிப்பெண் குறைத்தே போடுவது அவள் வழக்கம். நியாயம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

போன வாரம் கிரஹாம் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் சொன்னாரே: "இந்த ஆபீஸ்லயே உங்க கண்ணுதாங்க கண்டிப்பான கண்ணு. அதனாலதான் உங்கள வச்சிருக்கோம்."

அவள் நன்றி என்று வேறு சொன்னாள்.

*

"கார்ல உக்காந்து வேவு பாக்குறியா? இறங்கி வந்து இதப் புடிடி."

வெர்னெல் தட்டை அவள் கையில் திணித்தார். தட்டு இன்னும் சூடாக இருந்தது. பாஸ்டரின் மனைவி கொடுத்துவிட்ட மக்ரோனி.

"அம்மா, கால்ல என்ன?"

"எந்தக் கால்ல?"

"இருக்கறது ரெண்டு காலு. அதுல இழுக்கற காலு."

"நான் எங்க இழுத்தேன்? ரோடு கோணலா போட்டு வச்சிருக்கான்." படியேறும்போது கைப்பிடியை இறுகப் பற்றினார். "வந்ததும் வராததுமா போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறா. எளச்சுப் போயிட்ட. அங்க சோறு போடறாங்களா, இல்ல வெறும் காப்பியா?"

சமையலறையில் கீரை வெந்த வாசனை. அடுப்பில் பன்றிக் காலோடு கீரை, சோள ரொட்டி, வறுத்த கோழி. மேசையில் மூன்றாவது தட்டும் வந்தது. வெர்னெல் உட்கார்ந்த விதத்தை இமானி பார்த்தாள். முதலில் கை மேசையில், பிறகு இடுப்பு, கடைசியாகத்தான் கால்.

"எத்தன நாளா?"

"சாப்பிடு."

"அம்மா."

"மூணு வருஷமாச்சு. போதுமா?" வெர்னெல் ரொட்டியைப் பிய்த்தார். "இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி சலவை ரூம்ல நின்னுட்டே போர்வ மடிச்ச காலு. பின்ன டான்ஸா ஆடும்?"

"மூணு வருஷமா? நான் மூணாவது வருஷம் படிச்சிட்டு இருந்தப்பவா? ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? பெட்டியக் கட்டிட்டு வந்து நின்னிருப்ப. 'நான் இங்கயே வேலைக்குப் போறேம்மா'ன்னு மூக்க உறிஞ்சியிருப்ப. எங்க குடும்பத்துல முதமுதலா ஒருத்தி டிகிரி வாங்கப் போறா, அவள ஒரு முழங்காலுக்காகக் கூப்புடுவனா?" பிறகு சற்றே தணிந்து, "நீ வரும்போதெல்லாம் நான் உக்காந்தே இருப்பேன். கவனிச்சதில்லையா?"

கவனித்ததில்லை. அம்மாவுக்கு வயதாகிறது, உட்காரப் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தாள். அவள்தான் கண்டிப்பான கண்.

"மைக்கா எங்க?"

"பின்னால பனி அள்றான். கூப்புடு. நான் கூப்புட்டா காதுல அந்தப் பாட்டுச் செருகலோட 'ஆ, ஆ'ம்பான்."

"அம்மா. மைக்கா எந்தெந்த காலேஜுக்குப் போட்டிருக்கான்?"

வெர்னெல் கரண்டியால் கீரையைக் கிளறினார்.

"அவனையே கேளு. நான் வாக்குக் குடுத்துருக்கேன்."

அதுவே பதிலாக இருந்தது.

*

மைக்கா ரீவ்ஸுக்குப் பதினேழு வயது. அப்பா வேறு என்பதால் குடும்பப் பெயரும் வேறு. போன ஆகஸ்டில் அலுவலகத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள்: 'இந்த ஆண்டு எனக்கு நெருங்கிய உறவினர் எவரும் விண்ணப்பிக்கவில்லை.' மைக்கா அப்போது மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. இமானி கையெழுத்துப் போட்டாள். பொய்யில்லாத கையெழுத்துதான்.

பின்படியில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. மைக்கா அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஓ! மேதகு கார்விக் அம்மையார் எழுந்தருளியிருக்காங்க! சிவப்புக் கம்பளம் சலவைக்குப் போயிருக்கு, மன்னிக்கணும்."

"நீ கார்விக்குக்கு அப்ளை பண்ணியிருக்கியா?"

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் நகர்ந்தது. "அம்மா சொன்னாங்களா?"

"சொல்லல. பண்ணியிருக்கியா இல்லையாடா?"

"ஆமா. கடைசி நாள்தான் போட்டேன்." அவன் கையுறையைக் கழற்றினான். "கத்தாத. முதல்ல கேளு. உன்கிட்ட சொன்னா நீ அங்க எழுதிக் குடுக்கணும். குடுத்தா எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு உள்ள போனா என்னம்பாங்க? அக்கா வாங்கிக் குடுத்த சீட்டுன்னுவாங்க. உனக்கு நாலு வருஷமா தோலு வாங்கிக் குடுத்த சீட்டுன்னாங்கல்ல, அது மாதிரி."

"மைக்கா..."

"நீ போன்ல அம்மாகிட்ட அழுதத எல்லாம் நான் பக்கத்து ரூம்ல கேட்டிருக்கேன்கா. எனக்கு அது வேணாம். எனக்குன்னு ஒண்ணு வேணும். யாரும் வாயத் தொறக்க முடியாத மாதிரி. பேர மூடறாங்க, ஊர மூடறாங்க, சொந்தக்காரங்க பேர எழுதினாலும் மூடறாங்கல்ல? அப்ப நான் யாருன்னே தெரியாம ஒருத்தர் என்னப் படிச்சு, நல்லா இருக்குன்னு சொல்லணும். அவ்ளோதான்."

யாரென்றே தெரியாமல் ஒருத்தி படித்துவிட்டாள்.

"பன்னெண்டு இடத்துக்குப் போட்டிருக்கலாம். ரெண்டுதான் போட்டேன்" என்றான் அவன். "மாநிலக் காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சு. ஆனா அங்க பாதி பணம் நாமளே கட்டணும், அம்மா ரெண்டாவது ஷிப்ட் பாக்கறேங்கறாங்க. அந்தக் காலோட. கார்விக்னா முழுசும் அவங்களே குடுத்துருவாங்க."

அவன் போனை எடுத்துத் தேடினான். "இப்பத்தான் தெரிஞ்சு போச்சே. படிக்கிறியா? நீ படிக்கணும்னு எழுதும்போதே ஆசை. எத்தன போடுவன்னு பாக்கலாம். சலுகை காட்டக் கூடாது, ஆமா."

இமானி போனை வாங்கிக்கொண்டாள்.  மைக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனான், பார்க்காத மாதிரி.

அதே வாக்கியங்கள். இப்போது பட்டைகள் இல்லை. கறுப்பாக இருந்த இடத்தில் பைன் தெரு என்று இருந்தது. பெல்ட்டன் என்று இருந்தது. நாற்பது அளவுகளின் பட்டியல். வெள்ளிக்கிழமை அவளுக்குப் புலம்பலாகத் தெரிந்த அந்தப் பட்டியலை இன்று படித்தபோது, பனி, மழை, வெயில் என்று ஒவ்வொரு வரியிலும் அம்மா சாலையின் எந்தத் தடத்தில் இருந்தார் என்று குறித்திருந்தது தெரிந்தது. பதினேழு வயதுப் பையன் அலாரம் வைத்தது போல் நின்று, பயந்து பயந்து, அளந்திருக்கிறான். இதைத்தான் அவள் மூன்று வரியில் முடித்தாள்:

'கவனிக்கும் பழக்கம் உண்டு. தொனியில் குறைகூறல். கடுமையாக உழைப்பவர், ஆனால் கார்விக்கின் வேகத்துக்கு ஈடுகொடுப்பாரா என்பது ஐயம்.'

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் உறைத்தது. அது அவளுடையதே அல்ல.

இறுதியாண்டில், சட்டப்படி எல்லா மாணவருக்கும் உள்ள உரிமையென்று, தன் பழைய விண்ணப்பக் கோப்பை அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள். யாரோ ஒரு வாசகர், பெயர் இல்லாமல், எழுதியிருந்தார்: 'கடுமையாக உழைப்பவர், ஆனால் கார்விக்கின் வேகத்துக்கு ஈடுகொடுப்பாரா என்பது ஐயம்.' அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. கிழிக்கவில்லை. மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அவள் விரலிலிருந்தே எழுத்து மாறாமல் இறங்கியிருக்கிறது.

உழைப்பவர். அந்தப் படகுப் பையனை அவள் உழைப்பவர் என்று எழுதவில்லை. அவனுக்கு மனம் இருந்தது. மைக்காவுக்குச் சுமக்கும் முதுகு மட்டும்.

கடைசிப் பத்திக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை அந்தப் பத்தி முழுக்கக் கறுப்பாக இருந்தது. பள்ளியின் பெயர் நிறைய வந்திருக்கும் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது அங்கே எழுத்து இருந்தது:

'என் அக்கா இமானி உங்கள் கல்லூரியில் படித்தவள். இப்போது அங்கேயே வேலை செய்கிறாள். அம்மாவின் முழங்காலைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வருவாள். நான் விண்ணப்பித்ததும் அவளுக்குத் தெரியாது. அவள் இந்தச் சாலையை ஒருமுறை கடந்துவிட்டாள். அவளைத் திரும்பி நடக்கவைக்காமல் நானும் கடக்க விரும்புகிறேன்.'

எழுத்துகள் கலங்கின. அப்போதுதான் கோட்டுப் பைக்குள் அவள் போன் அதிர்ந்தது.

கிரஹாம் லேத்ராப்.

*

"இமானி! ஞாயித்துக்கிழம தொந்தரவு பண்றேன், மன்னிச்சுருங்க. வீட்டுக்கா போயிருக்கீங்க?"

"ஆமா கிரஹாம். சொல்லுங்க."

"நல்லது, நல்லது. குடும்பத்தோட இருக்கணும்." பின்னணியில் எங்கோ பியானோ. "ஒரே ஒரு விஷயம்தான். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கடைசி மேசை, குழு மொத்தமும் உக்காருது. எல்லாம் நிரம்பிருச்சு. ஒரு சீட்டுதான் பாக்கி. ரெண்டு கோப்பு மோதுது. 2206, 4471. ரெண்டுக்கும் முதல் வாசிப்பு நீங்கதான்."

இமானி பின்படியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள். கையுறை இல்லாத கையில், பனியில் உறைந்த இரும்பு சுட்டது.

"4471க்கு ரெண்டாவது வாசிப்பு ரோசா மெடீரோஸ், அஞ்சு போட்டிருக்காங்க. தெரியும்ல, ரோசா மனசு எளகினவங்க. நாளைக்கு மேசைல உருகிப் பேசுவாங்க. அதனால நீங்க பேசினா நல்லாருக்கும்னு நெனச்சேன். புதுசா ஒண்ணும் வேண்டாம். நீங்க எழுதின மூணு வரி. அத அப்படியே வாசிச்சாப் போதும்."

"என் வாயால வாசிக்கணுமா?"

"நீங்க வாசிச்சா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. வேற யாராவது சொன்னா, உடனே அதுக்கு ஒரு அர்த்தம் கற்பிப்பாங்க. நீங்க சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?" அவர் மென்மையாகச் சிரித்தார். "நான் எப்பவும் சொல்வேனே, உங்க கண்ணு."

அவளுக்கு விதி நினைவுக்கு வந்தது. உறவு என்று தெரிந்த அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தக் கோப்பு மேசைக்கு வராது. ரோசாவின் ஐந்தும் அதோடு போகும். இயக்குநர் ஒருவரே, தன் அறையில், தனியாகத் தீர்மானிப்பார். சொல்லாமல் இருந்தால், நாளை பத்து மணிக்கு அவள் வாயாலேயே தம்பியைத் தள்ள வேண்டும். மதிப்பெண்ணை மாற்றிப் பேசினால், ஆகஸ்டில் போட்ட கையெழுத்து அவர் அலமாரியில் இருக்கிறது. தம்பிக்காகத் திருத்தினாள் என்றாகும். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே கிரஹாம் உட்கார்ந்திருந்தார்.

"கிரஹாம், அந்தக் கோப்ப நான் திரும்பவும் ஒருதடவ படிக்கணும். அவசரப்பட்டுட்டனோன்னு தோணுது."

பியானோ நின்றது.

"முதல் வாசிப்புதாங்க சுத்தமான வாசிப்பு. ரெண்டாவது தடவ படிச்சா என்னென்னமோ உள்ள வந்துரும். இரக்கம், அது இது." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "உங்களுக்கு இங்க நல்ல எதிர்காலம் இருக்கு இமானி. அடுத்த வருஷம் துணை இயக்குநர் பதவி காலியாகுது. நான் யார நெனச்சிட்டிருக்கேன்னு உங்களுக்கே தெரியும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்" என்றாள். 

"வாங்க. சரி, சாப்பாட்டுக்கு நடுவுல புடிச்சுட்டேன் போல." அவர் வைக்கப் போனார். பிறகு, எதையோ மறந்து நினைவுக்கு வந்தவர்போல்: "அம்மாவுக்கு என் விசாரிப்ப சொல்லுங்க. முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

தொடர்பு அறுந்தது.

இமானி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

அவளே அந்த முழங்காலை இன்றைக்குத்தான் பார்த்தாள். இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் அம்மாவைப் பற்றி அவள் பேசியதில்லை. அந்த முழங்கால் கார்விக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் பெயரோடும் முகவரியோடும் அக்கா இன்னாரென்றும் எழுதப்பட்டிருந்தது. ஒரு முழுப் பத்தி. கறுப்புப் பட்டைக்கு அடியில்.

பட்டை ஒட்டும் வேலை கிரஹாமின் அறையில்தான் நடக்கும்.

ஆயிரக்கணக்கான கோப்புகளை ஐந்து வாசகர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அங்கேதான்.

தற்செயலாக அவள் மேசைக்கு வந்த கோப்பு அல்ல அது. அவள் என்ன செய்வாள் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். நம்ம பிள்ளை என்றால் அவள் அரை மதிப்பெண் குறைப்பாள். அதற்காகத்தான் அவளை வைத்திருக்கிறார்கள். அவரே வாய்விட்டுச் சொன்னார், அவளும் நன்றி சொன்னாள்.

உள்ளே வெர்னெல் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவும் சத்தம். உட்கார்ந்துகொண்டே கழுவுகிறார் என்பது இப்போது சத்தத்திலேயே தெரிந்தது.

மைக்கா மண்வெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். பாதை சுத்தமாகியிருந்தது, அம்மா வழுக்காமல் குப்பைத்தொட்டிவரை போகலாம். அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தன் போனுக்காகக் கை நீட்டினான். காது மடல் சிவந்திருந்தது, குளிராலோ வேறெதாலோ.

"யாரு, ஆபீஸா? ஞாயித்துக்கிழம கூடவா உயிர எடுக்குறாங்க?" பிறகு, பொறுக்க முடியாமல்: "படிச்சியா? சொல்லு. எத்தன? சலுகை கிடையாது."

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. ஐந்து என்றால் போதும். அவன் இன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவான்.

"மூணு" என்றாள் இமானி.

மைக்கா சிரித்தான். "ஏய், போ. சும்மா சொல்ற."

"வெள்ளிக்கிழம சாயந்தரம் போட்டேன். பேரு தெரியாம. யாருன்னே தெரியாம." அவள் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கேட்ட அந்த ஒருத்தர் நான்தான்டா."

சிரிப்பு அவன் முகத்தை விட்டுப் போக நேரம் எடுத்துக்கொண்டது. எதிர்ச் சாலையில் சிக்னல் மாறி, கம்பத்திலிருந்து அந்தக் கிளிக் கிளிக் ஓசை தொடங்கியது. வழக்கத்தால் மைக்காவின் உதடு எண்ணத் தொடங்கியதை அவள் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வரை எண்ணி முடித்தான்.

பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

"எது?"

"நீ அங்க பேசப் போறது. பக்கத்துலதான் இருந்தேன், நீ பேசினது கேட்டுச்சு. என் கோப்புன்னு இப்பத்தான் தெரியுது." அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். "பத்து மணிதான? நானும் வரேன்."